இதுவா, அதுவா? ஜப்பானிய மொழியில் தேர்வைச் சொல்லும் முறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மொழியை ஆங்கில விளக்கம் வழியாகப் படிக்கும் தமிழ் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று. தமிழில் யோசித்தால் இதில் பாதிக்கு மேல் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். காபியா டீயா, காபியோ டீயோ, காபியை விட, டீயாவது, எதுவானாலும் என்று நாம் தினமும் பேசுகிற வடிவங்களுக்கு ஜப்பானிய மொழியில் கிட்டத்தட்ட அப்படியே இணைகள் இருக்கின்றன.

இந்தப் பக்கத்தில் உள்ள ஜப்பானியச் சொற்களை எப்படிப் படிப்பது?

தமிழ் எழுத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனி எழுத்து இல்லாததால் சில ஏற்பாடுகள் தேவை. தனியே நிற்கும் ‘க’ வல்லொலி, ‘கடல்’ என்பதில் வருவது போல. சிறு கோட்டுடன் முந்தைய சொல்லில் ஒட்டி வரும் ‘-க’ மெல்லொலி, ‘தங்கம்’ என்பதில் வருவது போல. இவை இரண்டும் வெவ்வேறு இடைச்சொற்கள். குழப்பினால் வாக்கியமே மாறிவிடும். ‘தொ’ என்ற இடைச்சொல்லை ‘தோசை’யின் ஒலியோடு படியுங்கள். தெஸ், தெ, தெமொ, தொச்சிர, தொரெ ஆகியவற்றின் முதல் எழுத்துக்கு ‘பந்து’ என்பதில் உள்ள ஒலி. சொல்லின் நடுவே க்க, ச்ச, த்த என்று எழுதியிருப்பது வல்லொலியைக் காட்டத்தான். உண்மையிலேயே இரட்டித்து ஒலிக்க வேண்டிய இடத்தில் தனியே குறிப்பிட்டிருக்கிறோம். நெடிலும் குறிலும் எழுதியபடியே. ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்துமுறையின் அடிப்படை எழுத்துகள் 46தான், அவற்றைக் கற்றுக்கொண்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

‘அல்லது’ என்பதற்கு ஜப்பானியச் சொல் என்ன?

ஒரே சொல் கிடையாது. இரு பக்கமும் என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்து வடிவம் மாறும். இரண்டு பெயர்ச்சொற்களை இணைக்க ‘க’ போதும்.

கோஹீ க ஒச்ச ஒ நொமிமஸ். (காபியோ டீயோ குடிப்பேன்.)
தென்ஷ க பஸு தெ இக்கிமஸ். (ரயிலிலோ பஸ்ஸிலோ போவேன்.)
கெத்ஸுயோபி க கயோபி நி கிமஸ். (திங்களோ செவ்வாயோ வருவேன்.)

இங்கே நடக்கும் பெரிய தவறு வேற்றுமையைப் பற்றியது. நாம் ‘ரயிலிலோ பஸ்ஸிலோ’ என்று இரண்டு சொல்லிலும் வேற்றுமை உருபு சேர்க்கிறோம். அதே பழக்கத்தில் ‘தென்ஷ தெ க பஸு தெ’ என்று வந்துவிடும். ஜப்பானிய மொழியில் ஒ, தெ, நி, எ போன்ற இடைச்சொற்கள் கடைசிப் பெயருக்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் வரும். ‘தென்ஷ க பஸு’ என்பதை முழுதாக ஒரு பெயராக எண்ணிக்கொண்டு, அதன் வாலில் ‘தெ’யைச் சேருங்கள்.

தொ, ய, க மூன்றும் பெயர்களுக்கு நடுவே வருகின்றனவே?

க்யோத்தொ தொ நர எ இக்கிமஸ் என்றால் இரண்டு ஊருக்கும் போகிறீர்கள், வேறெங்கும் இல்லை. க்யோத்தொ ய நர என்றால் அவற்றைப் போன்ற இன்னும் சில இடங்களும் உண்டு. க்யோத்தொ க நர என்றால் ஏதோ ஒன்றுக்கு மட்டும்.

‘காபியா டீயா’ என்று கேட்டேன். ‘ஹை’ (ஆமாம்) என்று பதில் வந்தது. ஏன்?

நீங்கள் கேட்டது அநேகமாக இதுவாக இருக்கும்: கோஹீ க ஒச்ச ஒ நொமிமஸ் க. இது ‘காபியோ டீயோ குடிப்பீங்களா?’ என்ற கேள்வி. தமிழிலும் இதற்கு ‘குடிப்பேன்’, ‘வேண்டாம்’ என்றுதான் பதில் வரும். எதிராளி சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

அவரை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்க வேண்டுமானால் மூன்று வழிகள் உண்டு.

கோஹீ தெஸ் க, ஒச்ச தெஸ் க. இது நம் ‘காபியா, டீயா’வின் நேர் வார்ப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனிக் கேள்விக்குறி இருப்பதைக் கவனியுங்கள். இதற்கு ஹை, ஈயெ (இல்லை) என்று பதில் சொல்லக் கூடாது. ‘ஒச்ச தெஸ்’ என்று தேர்ந்ததையே சொல்ல வேண்டும்.

கோஹீ ஒ நொமிமஸ் க, ஸொரெத்தொமொ ஒச்ச ஒ நொமிமஸ் க. இது ‘காபி குடிப்பீங்களா, இல்லை டீ குடிப்பீங்களா’.

கோஹீ தொ ஒச்ச தொ தொச்சிர-க ஈ தெஸ் க. இது ‘காபி, டீ இரண்டில் எது வேண்டும்’. விருந்தாளியிடம் கேட்க இதுவே இயல்பானது.

ஒரு சின்ன எச்சரிக்கை: ‘ஒச்ச’ என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத பச்சைத் தேநீர்தான் பெரும்பாலும் வரும். நம் ஊர்க் கறுப்புத் தேயிலை வகைக்குப் பெயர் ‘கோச்ச’. பால் சேர்த்தது வேண்டுமென்றால் ‘மிருக்கு தீ’ என்று கேளுங்கள்.

ஸொரெத்தொமொவை எல்லா இடத்திலும் போடலாமா?

கூடாது. அது கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே மட்டும் நிற்கும் சொல். ‘கோஹீ ஸொரெத்தொமொ ஒச்ச ஒ நொமிமஸ்’ என்று சாதாரண வாக்கியத்தில் போட்டால் பிழை, அங்கே ‘க’தான். நெருங்கியவர்களிடம் கேள்விகளைச் சுருக்கி ‘கோஹீ? ஸொரெத்தொமொ ஒச்ச?’ என்று கேட்கலாம்.

தொச்சிர வாக்கியத்தைப் படிப்படியாக அமைப்பது எப்படி?

முதலில் இரண்டு பொருள்களையும் ‘தொ’வால் கோத்துவிடுங்கள்: நொஸொமி தொ கொதம தொ. இரண்டாவது ‘தொ’வைப் பேச்சில் விட்டுவிடுவதும் உண்டு. அடுத்து ‘தொச்சிர-க’. கடைசியில் பெயரடையும் ‘தெஸ் க’வும்.

நொஸொமி தொ கொதம தொ தொச்சிர-க ஹயை தெஸ் க. (நொஸொமி, கொதம இரண்டில் எது வேகமானது?)
நொஸொமி நொ ஹோ-க ஹயை தெஸ். (நொஸொமிதான் வேகம்.)

நொஸொமியும் கொதமவும் டோக்கியோ–ஷின் ஒசாக்கா பாதையில் ஓடும் ஷிங்கான்சென் (அதிவேக) ரயில்கள். நொஸொமி சுமார் இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேரும். கொதம எல்லா நிலையத்திலும் நிற்பதால் சுமார் நான்கு மணி நேரம் ஆகும். இரண்டுக்கும் நடுவே ஹிக்கரி.

பதிலில் வரும் ‘நொ ஹோ’ என்பதற்கு ‘இந்தப் பக்கம்’ என்று பொருள் கொள்ளுங்கள். இரண்டு பக்கங்களில் ஒரு பக்கத்தைச் சுட்டிக் காட்டுகிறீர்கள், அவ்வளவே. தோற்ற பொருளைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்ல விரும்பினால் அதன் பின்னால் ‘யொரி’ சேரும்: கொதம யொரி நொஸொமி நொ ஹோ-க ஹயை தெஸ்.

‘தொச்சிர’வுக்குப் பிறகு ‘வ’ ஏன் வராது என்றும் கேட்பார்கள். ‘வ’ ஏற்கெனவே தெரிந்த ஒன்றை எடுத்துப் பேசும் இடைச்சொல். எது என்றே தெரியாமல் கேட்கும்போது அதற்கு இடமில்லை. கேள்வியில் ‘-க’ வந்ததால் பதிலிலும் ‘-க’வே வரும்.

பொருள், ஆள், ஊர், நாள் எதுவானாலும் இரண்டு என்றால் தொச்சிர போதும். இரண்டு பேரில் யார் உயரம் என்று கேட்கவும் ‘தரெ’ (யார்) வேண்டியதில்லை. ஆனால் தொச்சிர தனியே வந்தால் ‘எந்தப் பக்கம், எங்கே’ என்ற மரியாதைச் சொல்லாகவும் இருக்கும். ‘ஒக்குனி வ தொச்சிர தெஸ் க’ என்றால் உங்கள் நாடு எது என்று கேட்கிறார். எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. நண்பர்களுக்குள் தொச்சிர ‘தொத்ச்சி’ ஆகிவிடும். இதில் ச் உண்மையாகவே இரட்டிக்கும்.

யொரியை எந்தச் சொல்லோடு சேர்ப்பது என்று அடிக்கடி மாறிவிடுகிறதே?

தமிழில் ‘விட’ எங்கே வருமோ அங்கேதான் யொரி வரும். ஒசாக்காவை விட டோக்கியோ பெரியது என்பது ஓஸக்க யொரி தோக்யோ நொ ஹோ-க ஓக்கீ தெஸ். ‘தோக்யோ வ ஓஸக்க யொரி ஓக்கீ தெஸ்’ என்றும் சொல்லலாம். அங்கேயும் யொரி ஒசாக்காவை விட்டு நகராது. இடத்தை மாற்றினாலும் உருபு சொல்லோடு போவது நமக்குப் பழகிய விஷயம்தான். இந்த ஒரு இடத்தில் ஆங்கிலத்தை முழுக்க மறந்துவிடுவது நல்லது, ஏனென்றால் அதன் வரிசை தலைகீழ்.

பெயரடையும் மாறாது. ‘பெரியது’ என்ற சொல் ஒப்பிடும்போதும் ‘பெரியது’தான், ஓக்கீயும் அப்படியே. ஆகவே யொரி இருக்கும் வாக்கியத்தில் மொத்தொ (இன்னும்) சேர்க்கத் தேவையில்லை. தொத்தெமொ (மிகவும்) ஒப்பீட்டில் சேரவே சேராது. வித்தியாசம் பெரிது என்று காட்ட ‘ஸுத்தொ’, கொஞ்சம்தான் என்று காட்ட ‘ச்சொத்தொ’. மொத்தொ, ஸுத்தொ, ச்சொத்தொ மூன்றிலும் த் இரட்டிக்கும்.

‘அந்த அளவுக்கு இல்லை’ என்று எப்படிச் சொல்வது?

அதற்கு ‘ஹொதொ’. ஓஸக்க வ தோக்யோ ஹொதொ ஓக்கிக்குனை தெஸ்: ஒசாக்கா டோக்கியோ அளவுக்குப் பெரியதில்லை. ‘அளவுக்கு’ என்பதை ஹொதொ என்று வைத்துக்கொண்டால் வாக்கியம் தானாக அமையும். முடிவு எதிர்மறையில் இருக்க வேண்டும். எதிர்மறை வாக்கியத்தில் யொரி போடுவது தொடக்கநிலை மாணவர்களின் வழக்கமான பிழை.

பொருளுக்குப் பதிலாக இரண்டு செயல்களை ஒப்பிட வேண்டும் என்றால்?

இந்த இடத்தில்தான் ‘நொ’ பலரைக் கவிழ்க்கிறது. கேள்வியில் வினைச்சொல்லைப் பெயராக்க ‘நொ’ வேண்டும், நாம் ‘நடப்பது’, ‘போவது’ என்று ‘அது’ சேர்ப்பதைப் போல.

அருக்கு நொ தொ பஸு தெ இக்கு நொ தொ தொச்சிர-க ஹயை தெஸ் க. (நடப்பது, பஸ்ஸில் போவது, எது சீக்கிரம்?)
பஸு தெ இக்கு ஹோ-க ஹயை தெஸ். (பஸ்ஸில் போவதுதான் சீக்கிரம்.)

பதிலில் அந்த ‘நொ’ காணாமல் போகிறது. ‘இக்கு நொ ஹோ’ என்பது பிழை. காரணம் எளிது: ‘ஹோ’ ஒரு பெயர்ச்சொல், அதற்கு முன்னால் வரும் எல்லாம் அதற்கு அடைமொழி. பெயர்ச்சொல் அடைமொழியானால் நொ வேண்டும் (பஸு நொ ஹோ). வினை நேரடியாகச் சேரும் (இக்கு ஹோ). இ-வகைப் பெயரடையும் நேரடியாகச் சேரும் (யஸுயி ஹோ, விலை குறைந்தது). ந-வகைப் பெயரடைக்கு மட்டும் ‘ந’ வேண்டும் (ஷிஸுக்க ந ஹோ, அமைதியானது). பெயரெச்ச விதியைப் படித்தவர்கள் இதைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதே ‘ஹோ-க ஈ’க்கு முன்னால் வினையின் இறந்தகால வடிவம் வந்தால் அது அறிவுரை ஆகிவிடும்: யஸுந்த ஹோ-க ஈ தெஸ் யொ (ஓய்வெடுத்தால் நல்லது). எதிர்மறையில் இறந்தகாலம் வேண்டாம்: இக்கனை ஹோ-க ஈ (போகாமல் இருப்பது நல்லது). மேலதிகாரியிடம் இதைச் சொன்னால் புத்தி சொல்வது போல இருக்கும், தவிர்த்துவிடுங்கள்.

மூன்றோ அதற்கு மேலோ இருந்தால்?

தொச்சிர போய் ‘தொரெ’ வரும், ‘நொ நக்க தெ’ (இவற்றுக்குள்) சேரும், ‘இச்சிபன்’ (முதலாவதாக) வரும்.

நொஸொமி தொ ஹிக்கரி தொ கொதம நொ நக்க தெ, தொரெ-க இச்சிபன் ஹயை தெஸ் க.

பதில்: நொஸொமி-க இச்சிபன் ஹயை தெஸ். இச்சிபன் வரும் பதிலில் ‘நொ ஹோ’ வரக் கூடாது. ஹோ என்பது இரண்டில் ஒரு பக்கம். மூன்றுக்குப் பக்கங்கள் கிடையாது.

பெயர் சொல்லி அடுக்கிய பொருள்கள் என்றால் தொரெ. ‘பழங்களில்’ என்று வகையை மட்டும் சொன்னால் நனி: குதமொனொ நொ நக்க தெ நனி-க இச்சிபன் ஸுக்கி தெஸ் க. ஆட்களுக்கு தரெ, இடத்துக்கு தொக்கொ, காலத்துக்கு இத்ஸு. ஊர், நாடு போன்ற இடப்பெயர்களுக்கு ‘தெ’ மட்டும் போதும்: நிஹொன் தெ ஃபுஜிஸன்-க இச்சிபன் தக்கை தெஸ். 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபுஜிதான் ஜப்பானில் உயரமான மலை. 3,193 மீட்டர் உயரமுள்ள கித்ததக்கெயோடு மட்டும் ஒப்பிட்டால் மீண்டும் தொச்சிரவும் ஹோவும் வந்துவிடும்.

இரண்டும் பிடிக்கும், எதுவானாலும் சரி என்று சொல்வது எப்படி?

தொச்சிர மொ ஸுக்கி தெஸ்: இரண்டுமே பிடிக்கும். தொச்சிர மொ ஸுக்கி ஜ அரிமஸென்: இரண்டுமே பிடிக்காது. தொச்சிர தெமொ ஈ தெஸ்: எதுவானாலும் சரி. ‘மொ’ நம் ‘-உம்’, ‘தெமொ’ நம் ‘-ஆனாலும்’. பெயரோடும் இதே முறைதான்: கெத்ஸுயோபி தெமொ கயோபி தெமொ ஈ தெஸ் (திங்களானாலும் செவ்வாயானாலும் சரி).

ஒருவர் அக்கறையோடு கேட்கும்போது தொச்சிர தெமொ ஈ தெஸ் என்று வெட்டென்று சொன்னால் ‘எதுவோ கொடு’ என்ற தொனி வந்துவிடலாம். ‘தொச்சிர தெமொ தைஜோபு தெஸ்’ என்பது இதமானது.

‘ஒச்ச தெமொ நொமிமஸென் க’ என்கிறார்களே, அதில் வரும் தெமொ?

அது வேறு பயன்பாடு, ‘டீ கீ ஏதாவது குடிக்கலாமா’ என்பதில் வரும் ‘கீ’யின் வேலை. டீ ஓர் உதாரணம், காபியானாலும் பழுதில்லை. அழைப்பிலும் யோசனையிலும் மட்டும் சொல்வார்கள். நேற்று டீ குடித்தேன் என்று நடந்ததைச் சொல்லும் வாக்கியத்தில் இந்தத் தெமொ பொருந்தாது.

உணவகத்திலும் கடையிலும் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும்?

தேர்ந்தெடுத்ததைச் சொல்ல ‘நி ஷிமஸ்’. கரே (ஜப்பானியக் கறிச் சோறு) நி ஷிமஸ் என்றால் ‘நான் கரே எடுத்துக்கொள்கிறேன்’. ‘கரே ஒ ஷிமஸ்’ என்று ஒ போட்டால் கரேயைச் செய்யும் ஒரு செயல் போல ஆகிவிடும். பணியாளர் இதையே மரியாதையாக ‘தொச்சிர நி நஸைமஸ் க’ என்று கேட்பார். ‘நஸைமஸ்’ அவர் உங்களுக்குத் தரும் மரியாதை. பதிலில் நீங்கள் அதைத் திருப்பிச் சொல்லக் கூடாது, ‘ஷிமஸ்’தான்.

தட்டுச் சாப்பாட்டுக்கு ‘பன் க ரைஸு, தொச்சிர நி நஸைமஸ் க’ என்பார்கள்: ரொட்டியா, சோறா. ‘ரைஸு தெ ஒனெகைஷிமஸ்’ என்றால் முடிந்தது. ஸொப, உதொன் என்ற நூடுல்ஸ் வகைகளை விற்கும் கடைகளில் சூடானதா குளிர்ந்ததா என்ற கேள்வி வரும்: அத்தத்தக்கை நொ, த்ஸுமெத்தை நொ. ‘த்ஸுமெத்தை ஹோ தெ’ என்பது நல்ல சுருக்கமான பதில்.

துரித உணவுக் கடையில் காசு வாங்கும் முன் வேகமாகக் காதில் விழுவது: கொச்சிர தெ ஒமெஷியகரி தெஸ் க, ஒமொச்சிக்கயெரி தெஸ் க. இங்கேயே சாப்பிடுகிறீர்களா, எடுத்துப் போகிறீர்களா என்பதுதான். 2019 அக்டோபர் முதல் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் நுகர்வு வரி 10 சதவீதம், எடுத்துப் போகும் உணவுக்கு 8 சதவீதம் என்பதால் பதில் பில்லையும் பாதிக்கும். ‘கொக்கொ தெ தபெமஸ்’ அல்லது ‘மொச்சிக்கயெரி தெ’. இதற்கும் ‘ஹை’ என்று தலையாட்டிவிடாதீர்கள்.

கடைக்காரர்கள் ‘ஒனொமிமொனொ நொ ஹோ வ’ என்று தொடங்குவதும் உண்டு. அங்கே எதையும் ஒப்பிடவில்லை. ‘பானத்தைப் பொறுத்தவரை’ என்று பணிவாகப் பேசும் கடைப் பேச்சு அது.

ஒச்ச-க ஈ, ஒச்ச தெ ஈ: ஓர் எழுத்துதானே மாறுகிறது?

அந்த ஓர் எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒச்ச-க ஈ தெஸ் என்றால் எனக்கு டீதான் வேண்டும். ஒச்ச தெ ஈ தெஸ் என்றால் டீயே போதும், பரவாயில்லை. ஒருவர் வீட்டில் சமைத்துக் கொடுக்கும்போது இரண்டாவதைச் சொன்னால் ‘வேறு வழியில்லை, இதையே சாப்பிடுகிறேன்’ என்று காதில் விழலாம். சந்தேகமிருந்தால் ‘-க’வையே சொல்லுங்கள்.

மேலதிகாரியிடமோ வாடிக்கையாளரிடமோ எப்படிக் கேட்பது?

தொச்சிர-க யொரொஷீ தெஸ் க. ‘யொரொஷீ’ என்பது ‘ஈ’யின் மரியாதை வடிவம், கேட்பதற்கு மட்டும், உங்கள் விருப்பத்தைச் சொல்லும்போது ‘ஈ’க்கே திரும்பிவிடுங்கள். ‘நொமித்தை தெஸ் க’ (குடிக்க ஆசையா) என்று பெரியவர்களின் ஆசையை நேரடியாகக் கேட்பது மரியாதைக் குறைவு. ‘கோஹீ வ இக்கக தெஸ் க’ என்பதே வழக்கம்.

‘போவேனா இல்லையா தெரியவில்லை’ என்பதற்கு?

இக்கு க தோ க வக்கரிமஸென். ‘போவேனா மாட்டேனா’ என்று இரண்டையும் சொல்ல இக்கு க இக்கனை க. வினை சாதாரண வடிவில் இருக்க வேண்டும். ‘இக்கிமஸ் க தோ க’ வேண்டாம். பெயர்ச்சொல்லுக்கும் ந-வகைப் பெயரடைக்கும் பிறகு ‘த’ (‘தெஸ்’ என்பதன் சாதாரண வடிவம்) விழுந்துவிடும்: ஹொந்தோ க தோ க (உண்மையா இல்லையா). கேள்விச்சொல் ஏற்கெனவே இருந்தால் ‘தோ க’ கூடாது: தொக்கொ எ இக்கு க வக்கரிமஸென். ‘எங்கே போகிறானா இல்லையா’ என்று தமிழிலும் யாரும் சொல்வதில்லை.

இரண்டு செயல்களில் ஏதோ ஒன்றைச் செய்வேன் என்பதற்கு ஏக ஒ மிரு க ஹொன் ஒ யொமு க ஷிமஸ் (படம் பார்ப்பேன், இல்லாவிட்டால் புத்தகம் படிப்பேன்). கடைசியில் வரும் ஷிமஸை மறக்கக் கூடாது.

மத்த வ, அருய்வ இரண்டும் எப்போது?

இரண்டும் ‘அல்லது’தான். படிவங்களிலும் அறிவிப்புகளிலும் பார்ப்பீர்கள்: தென்வ மத்த வ மேரு தெ (தொலைபேசி அல்லது மின்னஞ்சல் வழியாக). கண்டால் புரிந்துகொள்ளுங்கள், பேச்சில் வேண்டாம்.

ஜே.எல்.பி.டி. (ஜப்பானிய மொழித் திறன்) தேர்வில் இது எப்படி வரும்?

பாடநூல்கள் தொச்சிர, யொரி, இச்சிபன் மூன்றையும் பொதுவாக என்5 என்ற தொடக்க நிலையிலும், ‘க தோ க’வை அதற்கு அடுத்த என்4 நிலையிலும் வைக்கின்றன. இலக்கணப் பகுதியில் நான்கு துண்டுகளை வரிசைப்படுத்தி, நட்சத்திரமிட்ட இடத்தில் எது வரும் என்று கேட்கும் வகை உண்டு. ‘நத்ஸு ___ ___ ★ ___ ஸுக்கி தெஸ்’ என்று கொடுத்து ஹோ-க, ஃபுயு, யொரி, நொ என்ற துண்டுகள் தரப்பட்டால், முதலில் ‘நொ’வையும் ‘ஹோ-க’வையும் ஒட்டுங்கள்; அவை பிரியாது. ‘நொ’வுக்கு முன்னால் பெயர் வேண்டும், ஃபுயு (குளிர்காலம்) அங்கே போகும். மிஞ்சிய யொரி நத்ஸுவின் (கோடைக்காலம்) பின்னால். நட்சத்திரத்தில் வருவது ‘நொ’.

கேட்டல் பகுதியில் இருவர் பேசி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். முதலில் சொல்லும் பொருளைக் குறித்துக்கொண்டு நிறுத்திவிட்டால் மதிப்பெண் போய்விடும். ‘யப்பரி’ (ப் இரட்டிக்கும்) என்று காதில் விழுந்தால் பேசுபவர் மனம் மாறுகிறார் என்று அர்த்தம். ‘ஜா’ என்று தொடங்கி ‘நி ஷிமஸ்’, ‘நி ஸுரு’, ‘நி ஷிமஷோ’ என்று முடியும் வாக்கியத்தில் இருக்கும் பொருள்தான் விடை.